ஞானதுரை வாங்கிய முழு மதிப்பெண்

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. கார் நிறுத்த இடமில்லை என்று ஜனங்கள் கைவிட்ட மண்டபம். மாவட்ட மனநிறைவு மற்றும் உணர்வு நுண்ணறிவு வாரியத்தை அதில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னால் ஆள் இல்லை என்கிற ஊரில், நாம் சந்தோஷமாக இருக்கிறோமா என்று அளந்து பார்க்க மட்டும் மண்டபம் நிறைய ஆள் வந்து இறங்கினார்கள். எரிச்சல் வருமா வராதா?

வந்தவர்கள் கையோடு ஒரு வளைவையும் கொண்டுவந்தார்கள். மனுஷனுக்கு இருபது வயதில் மகிழ்ச்சி மேலே இருக்குமாம். பிறகு வழுக்கிக்கொண்டே போய் நாற்பதுகளில் பள்ளத்தில் கிடக்குமாம். அறுபதை நெருங்க நெருங்க மறுபடி மேலே ஏறுமாம். படித்தவர்கள் எங்கேயோ கண்டுபிடித்தது. நிஜமாகவும் இருக்கலாம், நான் தகராறு பண்ண வரவில்லை. ஆனால் வாரியம் அதை விதியாக்கிவிட்டது. இருபதுகளில் இருந்த ஊழியர்களுக்கு மாடியில் காற்றோட்டமான பால்கனி. அறுபதைத் தொட்ட இயக்குநர் வல்லிநாயகத்துக்கு மணமேடை. நாற்பதுகளில் இருந்தவர்களைக் கீழே சாப்பாட்டுக் கூடத்தில், கைகழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. அலுவலகத்தில் அதற்குப் பெயரே பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் உமாராணி என்று ஒருத்தி இருந்தாள். ஆய்க்குடிக்காரி, அளவைப் பிரிவில் உதவியாளர். இயல்பிலேயே சிரித்த முகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ செய்த கேலிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். 'வயதுக்கு மீறிய மகிழ்ச்சி' என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதிலிருந்து அவளுக்குச் சிரிப்பு வந்தால் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். கொஞ்ச நாளில் குழாய்க்கு வேலையில்லாமல் போயிற்று.

இந்த மண்டபத்துக்குத்தான் மேலகரம் ஞானதுரை ஒருநாள் காலையில் குடையோடு வந்து நின்றார்.

ஞானதுரை அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிக்கும் புளியறைக்கும் நடுவே ஓட்டியே வயதானவர். அவர் மனைவி பெர்சிஸ் பங்குனியில் இறந்துபோனாள். வயிற்றில் கட்டி என்று ஆபரேஷனுக்காகத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளே போனவள் பேச்சு மூச்சோடு வெளியே வரவில்லை.

ஞானதுரை அழவில்லை. ஐஸ்பெட்டிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார். பந்தல்காரனிடம் மத்தியானம் வெயில் எந்தப் பக்கமாக அடிக்கும் என்று சொன்னார். பாஸ்டரையாவுக்கு மோர் கொடுத்தார். வந்த பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தபோது, கூட்டத்தில் அவர்களுக்குக் கால் வழுக்கிவிடாமல் பிடித்துக்கொண்டார். 'சரியான நெஞ்சழுத்தக்காரன்' என்று பேச்சு வந்தது. அதுவும் அவர் காதில் விழுந்தது. விழுந்து அங்கேயே கிடந்தது.

பெர்சிஸ் இருந்த வரைக்கும் அந்த வீட்டில் அழுகை, கோபம், சண்டை, சமாதானம் எல்லாம் அவள் இலாகா. அடுத்த வீட்டு ஆடு செத்தால்கூட அவள் ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் உலை வைப்பாள். இவர் வண்டி ஓட்டுவார், அவ்வளவுதான். இப்போது இலாகாவை ஏற்க ஆளில்லை. குழம்பில் உப்பு இல்லாவிட்டால் அவருக்குத் தெரியவில்லை. டிவி ஓடும், அதில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. படுத்தால் விடியும்.

சென்னையில் இருக்கிற மகள் கிறிஸ்டி தினமும் போன் பண்ணினாள். "யப்பா, ஒரே ஒரு தடவ அழுதிருங்கப்பா. நீங்க அழாம இருக்கது எனக்குப் பயமா இருக்கு."

"வந்தா அழ மாட்டனா? வரலியேட்டி. நான் என்ன செய்ய?"

"அம்மாவ நெனச்சுப் பாத்தீங்களா?"

"நெனைக்கேன். செவுத்த நெனைக்க மாதிரி இருக்கு."

கிறிஸ்டிதான் அந்த வாரியத்தைப் பற்றிச் செல்போனில் பார்த்துச் சொன்னாள். மண்டபத்து வாசலில் 'உணர்வு தொடர்பான எல்லாக் குறைகளுக்கும் அணுகவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஞானதுரைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெர்சிஸுக்காக ஒரு தடவை அழ வேண்டும். அதற்கு வழி சொல்வார்கள் என்று நம்பி அவர் படியிறங்கிப் பள்ளத்துக்குப் போனார்.

"என்ன குறை அண்ணாச்சி?" என்று கேட்டாள் உமாராணி.

"அழுகை வரமாட்டேங்கும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு குறையோடு அதுவரை யாரும் வந்ததில்லை. ஆனாலும் விதிப்படி முதலில் அளக்க வேண்டும். கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு கேள்விகளை வாசித்தாள்.

"வாழ்க்கையில எதையாவது மாத்தணும்னு தோணுதா?"

"இனி மாத்தி என்ன செய்ய?"

ஏற்கும் பக்குவம், முழு மதிப்பெண்.

"கடைசியா எப்ப கோவம் வந்துச்சு?"

ஞானதுரை யோசித்தார். "யாரு மேல கோவப்பட?"

கோப மேலாண்மை, முழு மதிப்பெண்.

"நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயம் உண்டா?"

"ஆக வேண்டியது ஆயிட்டுல்லா."

எதிர்கால அச்சமின்மை, முழு மதிப்பெண்.

அடுத்து ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். குட்டி யானை ஒன்று குழிக்குள் விழுந்து கிடக்கும். தாய் யானை குழியைச் சுற்றிச் சுற்றி வந்து பிளிறும். பார்ப்பவர் முகத்தை ஒரு கேமரா கவனிக்கும். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் புளியங்குடியில் இருந்து வந்த ஒரு சப் இன்ஸ்பெக்டர் தேம்பி அழுது மதிப்பெண்ணைப் பறிகொடுத்திருக்கிறார். ஞானதுரை இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார்.

"என்ன தோணுது அண்ணாச்சி?"

"ஜேசிபி கொண்டாந்தா ஒரு பக்கமா சரிச்சு மேல ஏத்திரலாம்."

தீர்வு நோக்கிலும் முழு மதிப்பெண் விழுந்தது. கம்ப்யூட்டரில் எங்கோ மணி அடித்தது. அதற்குள் ஒரு மணி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரியும். பால்கனியில் இருந்து இளவட்டங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உமாராணிக்கு மட்டும் சந்தேகம். "அண்ணாச்சி, வீட்டுல அக்கா இருக்காவளா?"

"பங்குனில தவறிட்டா."

அவள் தட்டுவதை நிறுத்தினாள். அதை எழுத அந்தக் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை. மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். இல்லை.

அதற்குள் இயக்குநர் வல்லிநாயகம் மணமேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். மாலை மாற்ற வருகிற மாப்பிள்ளை மாதிரி ஒரு நடை. அவர் பள்ளத்துக்கு இறங்குவதே அபூர்வம். அது அவர் வயதுக்கு ஆகாது.

"நூற்றுக்கு நூறு!" என்று ஞானதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, நான் ஆயுள் முழுக்க மனித உணர்வைப் படித்தவன். அறுபதைக் கடந்த மனிதன் எப்படி இருப்பான் என்று வளைவு சொல்கிறதோ, அப்படியே வந்து நிற்கிறீர்கள். சலனம் இல்லை, புகார் இல்லை. என் சொந்த வீட்டிலேயே இதைக் கொண்டுவர எனக்குப் பல வருடம் ஆயிற்று. இன்றைக்கு என் மனைவி என்னிடம் எதைப் பற்றியும் பேசுவதே இல்லை. அவ்வளவு நிறைவு!"

"சார், நான் அழுகை வரலைன்னு சொல்லி வந்திருக்கேன். அதுக்கு என்னமும் மருந்து கிருந்து..."

இயக்குநர் தோளில் கை போட்டார். "அழுகை என்பது நிர்வகிக்கப்படாத நீர். ஐந்தருவியில் தண்ணீர் கூடினால் என்ன செய்கிறோம்? குளிக்கத் தடை. கயிறு கட்டி ஆளை வெளியே அனுப்புகிறோம். அரசாங்கம் அருவிக்குச் செய்வதை நீங்கள் உங்களுக்கே செய்துகொண்டுவிட்டீர்கள். நோய் என்று வந்தீர்கள், அதுவேதான் ஆரோக்கியம். போய் நிம்மதியாக இருங்கள்."

ஞானதுரை வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்க விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. அவரை 'மனநிறைவு மாமணி' என்று அறிவித்து, பழைய பஸ் ஸ்டாண்டில் அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். நம் ஊரில் தனி ஆள் ஒருவர் பிளக்ஸில் சிரிக்காமல் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுநாள் காலையில் அதில் யாரோ மாலை போட்டிருந்தார்கள். ஞானதுரையோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர் பஸ்ஸைவிட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பூக்கடையில் நின்றிருந்த ஞானதுரையும் அண்ணாந்து பார்த்தார். யாரோ தெரிந்த முகம், பாவம், எப்போது போனாரோ என்று நினைத்தார். பிறகுதான் தன் படம் என்று தெரிந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்து அவரைப் புளியறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாநில எல்லைச் செக்போஸ்டில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும், டிரைவர்கள் கெட்ட வார்த்தை பேசுவார்கள். அவர்கள் கோபத்தைத் தணிக்க வரிசையைக் குறைக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஞானதுரையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாலையோரம் உட்கார வைத்தார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பக்கத்தில் ஒரு பலகை. டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். கொல்லத்துக்காரன் ஒருவன் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "இயாள்க்கு சுகமில்லே?" என்று கேட்டான். ஆளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறான். வாரியத்து இளைஞன் அதை 'சுகம்' என்று மட்டும் எழுதிக்கொண்டான்.

எதிரே புரோட்டாக் கடை முஃபீத். ஞானதுரை வண்டி ஓட்டிய காலத்தில் தினமும் டீ குடித்த கடை. முஃபீத் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி! என்ன இங்கன ரோட்டுல இருக்கிய? மயினி நல்லா இருக்காவளா?"

"அவ போயிட்டா பாய். ஒரு டீ போடும்."

முஃபீத் "யா அல்லா" என்று தலையில் கை வைத்தபடி நின்றுவிட்டார். போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். நீட்டும்போது டீ தட்டில் சிந்தியது. ஞானதுரை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். 'இழப்பை ஒரே வார்த்தையில் கடந்தார், தேநீர் கேட்டார்' என்று இளைஞன் குறித்துக்கொண்டான். அது பிற்பாடு வாரியத்தின் பயிற்சி வகுப்பில் பாடமாக வந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். வீட்டுக்கு வந்தார்கள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வேண்டும்.

மாமணி வீட்டை நேரில் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டுமாம். ஒரு சாயங்காலம் இயக்குநர், இரண்டு இளைஞர்கள், ஒரு போட்டோக்காரர், கூடவே உமாராணி என்று ஒரு வண்டி ஆள் மேலகரத்தில் வந்து இறங்கினார்கள். வாசலிலேயே கை தட்டினார்கள். லட்டு டப்பா ஒன்றைத் திறந்து நீட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கொடியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள். சண்டைக்கும் பேச்சுக்கும் பெர்சிஸுக்கு இருந்த ஒரே துணை இவள்தான்.

உள்ளே மேசை மேல் பெர்சிஸின் வேதாகமமும் மூக்குக்கண்ணாடியும் அப்படியே இருந்தன. கொண்டுவந்திருந்த விருதுக் கேடயத்தை வைத்துப் படம் எடுக்க இடம் வேண்டும் என்று ஒரு இளைஞன் கண்ணாடியை எடுத்து ஜன்னல் திண்டில் போட்டான். உமாராணி அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். லட்டு எடுக்கவில்லை. பேசவில்லை. இயக்குநர் இருபது வயது, நாற்பது வயது, அறுபது வயது என்று வளைவை விளக்கி முடிக்கும் வரைக்கும் பெர்சிஸின் படத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

கிளம்பும் நேரம் வந்தது. வாரிய ஊழியர் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் எல்லாரும் சேர்ந்து கையை ஆட்டி ஒரு வாசகம் சொல்ல வேண்டும் என்று விதி. சொன்னார்கள்.

"நிறைவோடு விடைபெறுகிறோம்! போயிட்டு வாரோம்! இந்த வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் வருவோம்!"

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றும். நம் பக்கம் துட்டி வீட்டுக்குப் போனால், அதாவது சாவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால், யாரும் வா என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்பும்போது வாரேன் என்று நாமும் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போய்விட வேண்டும். சாவுக்கப்புறம் முதல் தடவையாக அந்த வீட்டுப் படி மிதிக்கிறவர்கள், எத்தனை மாசம் கழித்து வந்தாலும், இப்படித்தான். போயிட்டு வாரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வாரேன் என்று சொன்னதாக ஆகிவிடும். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. கூடப் போய்ப் பழகுவதுதான்.

"அட நாசமாப் போவானுவளா!" என்று ஆனந்தவள்ளி கொடியை விட்டுவிட்டுக் கத்தினாள். "மறுக்க மறுக்க வாரோம்னு சொல்லிட்டுப் போறானுவளே! இங்கன இன்னும் எத்தன பேரக் கொண்டு போகணும் ஒங்களுக்கு? வெளங்குவியளா!"

"சமூக ஆதரவு பலமாக இருக்கிறது" என்றார் இயக்குநர் திருப்தியோடு, வண்டியில் ஏறிக்கொண்டே.

உமாராணி மட்டும் வாசகம் சொல்லவில்லை. எல்லாரும் கை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சுவரைப் பிடித்து எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி, தலை குனிந்து, பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டாள். ஞானதுரை அதைப் பார்த்தார். லட்டு டப்பாவை மூடி வைத்தார்.

மறுநாளே அவளுக்கு மெமோ. பயனாளியிடம் விடைபெறாமல் சென்றது, நிறைவு வாசகத்தை உச்சரிக்காதது, உணர்வு நுண்ணறிவுக் குறைபாடு. ஏற்கெனவே சிரித்த குற்றம் வேறு நிலுவையில் இருந்தது. வேலையைவிட்டு எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அதையும் சும்மா செய்தால் எப்படி? ஐந்தருவியில் நடக்கவிருந்த மனநிறைவுப் பெருவிழாவில், மாமணி தன் வாயால் புகாரைச் சொல்ல, மேடையிலேயே தீர்ப்பு. உணர்வு நுண்ணறிவு இல்லாதவளுக்கு என்ன நடக்கும் என்று ஜனங்களும் பார்க்கட்டும் என்றார் இயக்குநர். எல்லாம் ஜனங்களின் மகிழ்ச்சிக்காகத்தான்.

சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் விட்டு விட்டு அடித்தது. மங்குஸ்தான் விற்கிறவர்கள், நேந்திரங்காய் வற்றல் பொரிக்கிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், ஈரத் துண்டோடு குளித்துவிட்டு வருகிறவர்கள், எல்லாரும் மேடைக்கு முன்னால் கூடியிருந்தார்கள். ஆனந்தவள்ளியும் பஸ் ஏறி வந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் உமாராணி ஞானதுரையிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அவுக சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்லிருங்க. என்னைப் பாத்து மாத்திச் சொல்லாதிய. ஒங்களையும் சேத்து அலைக்கழிப்பாவ."

"என்ன சொல்லணும்?"

"நான் விடைபெறாமப் போனதுல ஒங்க மனநிறைவு கெட்டுப்போச்சுன்னு."

"நீ ஏம்மா சொல்லாமப் போன?"

அவள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி கேக்கிய? துட்டி வீட்டுல எப்படிச் சொல்ல?"

அதற்குள் மேடையில் கூப்பிட்டார்கள்.

முதலில் இயக்குநர் பேசினார். "இந்த அருவியைப் பாருங்கள். இது உணர்ச்சிவசப்பட்ட மலை. நாம் அப்படி இருக்கலாமா? எங்கள் வாரியம் வந்த பிறகு மாவட்டத்தில் துக்கம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. துக்கம் என்ற கட்டத்தையே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டோம். அப்புறம் எப்படி இருக்கும்? இதோ நிற்கிறாரே, இவர் வீட்டில் எனக்குக் கிடைத்த அமைதி என் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை. ஒரு வீடு எப்படி இருக்க வேண்டும் என்றால், அப்படி இருந்தது!" கூட்டம் கை தட்டியது. தட்டச் சொல்லியிருந்தார்கள்.

ஞானதுரைக்குச் சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அருவி இரைந்தது.

"சொல்லுங்கள் மாமணி. இந்த ஊழியர் உங்கள் வீட்டிலிருந்து எப்படிப் போனார்?"

"இந்தப் பிள்ள சொல்லாமத்தான் போச்சு" என்றார் ஞானதுரை.

"குறித்துக்கொள்ளுங்கள்!" என்றார் இயக்குநர்.

"துட்டி வீட்டுக்கு வந்தவ வேற எப்படிப் போவா?"

மைக் கொஞ்சம் கீச்சிட்டது. ஞானதுரை அதை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல், மங்குஸ்தான் கூடை ஒன்றைப் பார்த்துப் பேசினார்.

"எம்பொஞ்சாதி செத்துப்போனா. இத்தன பேரு வீட்டுக்கு வந்தாவ. அது துட்டி வீடுன்னு இந்தப் பிள்ளைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்கே தெரியல." நிறுத்தினார். "ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறாவ. அவ கைய வெளிய நீட்டி என் சட்டையப் பிடிச்சா. போயிட்டு வாரேங்க, பயப்படாதீங்கன்னு சொன்னா. நான் சரின்னேன். சரின்னுட்டு டீ குடிக்கப் போனேன்."

இயக்குநர் மைக்கை வாங்கக் கை நீட்டினார்.

"வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனா" என்றார் ஞானதுரை. "வரலியே. பெர்சிசு வரலியே..."

அவ்வளவுதான். வந்துவிட்டது. பழக்கமில்லாதவர் அழுகை, அழகாக இருக்குமா? வாய் கோணிக்கொண்டது, மூக்கு ஒழுகியது, மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் மைக் வழியாக ஐந்தருவி முழுக்கக் கேட்டது. மேடையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து அழுதார். பங்குனியிலிருந்து சேர்த்து வைத்த அழுகை.

"பதற வேண்டாம், தற்காலிகப் பெருக்கு!" என்று இயக்குநர் கத்தினார். பக்கத்தில் இளைஞன் கம்ப்யூட்டரில் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தான். பூஜ்யத்துக்குக் கீழே போக வழியில்லாமல் அது நின்றுவிட்டது. பட்டத்தை ரத்து செய்துவிட்டோம், சால்வையைத் திரும்ப வாங்குங்கள் என்று உத்தரவாயிற்று. இளைஞன் கிட்டே போனான். ஞானதுரை அந்தச் சால்வையில்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். இளைஞன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டான்.

அதற்குள் ஆனந்தவள்ளி மேடையேறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏ பெர்சிசு, எங்கிட்டயும் சொல்லாமப் போயிட்டியேட்டி" என்று ஆரம்பித்தாள். மங்குஸ்தான்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு ஞானதுரை யார் என்றே தெரியாது. வற்றல் கடைக்காரர் அடுப்பை அணைத்தார். குளித்துவிட்டு வந்தவர்கள் தலையைத் துவட்டாமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. அழத் தெரிந்தவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேடைப் பக்கம் திரும்பாமல் போனார்கள்.

"யாரும் விடைபெறாமல் போகக் கூடாது!" இயக்குநர் மைக்கில் கத்தினார். "போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்! நிறைவு வாசகம் இருக்கிறது! சொல்லுங்கள், ஐயா, நீங்களாவது சொல்லுங்கள்!"

ஒருத்தரும் சொல்லவில்லை. உமாராணி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். இயக்குநர் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அன்றைக்கு மேலகரத்தில் இறங்கிய மாதிரியே இறங்கிப் போனாள். கடைசியில் ஞானதுரையும் ஆனந்தவள்ளியின் தோளைப் பிடித்து எழுந்து நடந்தார். காலியான நாற்காலிகளைப் பார்த்து இயக்குநர் இன்னும் வளைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தென்காசி பஸ் நின்றது. ஞானதுரை டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து கிறிஸ்டிக்குப் போன் போட்டார்.

"ஏட்டி" என்றார். அதற்கு மேல் குரல் வரவில்லை.

"அழுதீங்களாப்பா?" என்று கேட்டாள் கிறிஸ்டி.

"ம்."

அவளும் அழுதாள். பஸ் கிளம்பிப் பேரருவித் திருப்பத்துக்கு வரும் வரைக்கும் இரண்டு பேர் அழுகையும் ஓயவில்லை. பிறகு, வைக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சொல்லாமலே போனை வைத்தார்கள்.